சிட்டுவை அச்சேற்ற மல்லுக்கட்டிய ஆக்னஸ் அம்மையாருக்கு

அம்பத்தூர் பாலிடெக்னிக்கின் கணினிக்கூடத்தைக் கண்ணிமைபோல் காத்தவரே! கொரட்டூரிலிருந்து கொட்டும் மழையிலும் குடையோடு குறித்த நேரத்தில் வந்து நின்ற கடமைக் குன்றே! பத்திரிகைக்காரர்களின் பொறுமையையும் எங்கள் பொறுமையையும் ஒருசேரப் பதம் பார்த்த பண்பாளரே! பணி நிறைவு பெறும் பாசமிகு ஆக்னஸ் அம்மையாரே, வணக்கம்!

தங்கள் குணநலன்களை வரிசையாய்ப் பாடத்தான் இம்மடலை எடுத்தோம். ஆனால் எங்கே தொடங்கினாலும் பேச்சு சிட்டுவில்தான் போய் நிற்கிறது; நாங்கள் என்ன செய்ய? சிட்டு என்பது ஓய்ந்துபோன கணினியிலும் ஓடும் இலவச இயங்குதளம். உலகில் அதைப் பயன்படுத்துவோர் அனைவரையும் ஒரே கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துவிடலாம். புதுக்கணினி வாங்க வழியற்றவர் வீட்டிலும் தமிழில் ஒரு கணினி ஓட வேண்டும் என்று அதைத் தமிழாக்கியவர் தாங்கள். சென்ற ஆண்டு அதற்கும் வந்தது வேட்டு! தமிழில் பயன்படுத்துவோர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை, அடுத்த பதிப்பில் தமிழை எடுத்துவிடுகிறோம் என்று சிட்டுவை உருவாக்கும் குழுவினர் எழுதிவிட்டார்கள்.

சிட்டுவுக்குத் தமிழில் ஆள் சேர்க்கக் கட்டுரை எழுத அன்று பேனாவைத் தூக்கினீர்கள். எங்கள் நிம்மதியும் அன்றே போயிற்று. முதலில் ஒரு வார இதழ். "யாரும் கேள்விப்படாததப் பத்தி யாரு மேடம் படிப்பா? ஃபோன்ல சார்ஜ் நிக்க டிப்ஸ் இருந்தா குடுங்க" என்றார் உதவி ஆசிரியர். "யாரும் கேள்விப்படலன்னுதானே சார் எழுதறேன்!" என்று தாங்கள் முழங்கியதில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.

அடுத்து ஓர் அறிவியல் மாத இதழ். ஐயகோ, அம்மையாரே! கட்டுரையைச் சிட்டுவில் மட்டுமே திறக்கும் கோப்பாக அனுப்பினீர்கள். திறக்கவில்லை என்று பதில் வந்ததும், சிட்டுவை நிறுவும் முறையை விளக்கி, அதே கோப்பை மறுபடியும் அனுப்பினீர்கள்! "சாதாரண ஃபைலா மாத்துங்க மேடம், உங்க கால்ல வேணா உயுறேன்" என்று கெஞ்சினார் ஆய்வக உதவியாளர் அஜித்குமார். "சிட்டுல எழுதினத சிட்டுலயே திறக்கட்டும். அப்படியாவது போட்டுப் பாப்பாங்க இல்ல?" என்றீர்கள். எவரும் போட்டுப் பார்க்கவில்லை.

கடைசியில் நாங்களே தாளில் அச்செடுத்து ஒரு மகளிர் இதழுக்கு அஞ்சலில் சேர்த்தோம். வெளியிட்டார்கள்! "பழைய கணினியைப் பயனுள்ளதாக்கும் பத்து வழிகள்" என்ற தலைப்பில், சிட்டு என்ற பெயரே இல்லாமல், கணினிப் பெட்டிக்குள் கொத்தமல்லி முளைத்த வண்ணப் படத்தோடு! கோபம் கொப்பளிக்கத் தாங்கள் எழுதிய கண்டனக் கடிதத்தை மட்டும் ஓர் எழுத்தும் குறைக்காமல், தங்கள் கைபேசி எண்ணோடு, வாசகர் பக்கத்தில் போட்டார்கள். கட்டுரையைக் கொத்துக்கறி போட்ட புண்ணியவான்களுக்குக் கடிதத்தைத் தொட மனம் வரவில்லை.

முதலில் அழைத்தவர் கொத்தமல்லிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டார். தலையில் அடித்துக்கொண்டோம். சில வாரம் கழித்து வேப்பம்பட்டில் தையல் கடை வைத்திருக்கும் அன்னம்மாள் அழைத்தார். அவர் போட்ட சத்தம் கூடத்தில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. "ஏம்மா, பேப்பர்ல அவ்ளோ கத்தினியே, உன் சிட்டுவ ஆள வெச்சுப் போட்டுகினேன். ஜாக்கெட் அளவெல்லாம் அதுலதான் எய்தி வெக்கிறேன். தமிழ் எய்த்து கடுகாட்டம் கீது! பெருசா வெக்கத் தெரியாதா உனக்கு?"

திட்டு வாங்கிக்கொண்டே தாங்கள் அழுதீர்கள். அந்தத் திட்டை அப்படியே குழுவினருக்கு அனுப்பினீர்கள். பதில் ஒரே வரியில் வந்தது: "குறை சொல்ல ஒருவர் இருக்கும் மொழியை நாங்கள் எடுப்பதில்லை."

ஆகவே அம்மையாரே, நோயற்ற உடலும் குறையாத பிடிவாதமும் பெற்றுப் பல்லாண்டு வாழ்க! ஊரெங்கும் உள்ளவர்கள் அழைத்து, அது ஓடவில்லை, இது தெரியவில்லை என்று தங்களைத் தமிழில் திட்டித் தீர்க்கட்டும்!

தங்களோடு மல்லுக்கட்டி மாளாத,
கணினித் துறைப் பணியாளர்கள்