பெல்லரோபனுக்கு ஒரு நாற்காலி

இந்தத் தாடியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள் சார். கோந்து நன்றாகப் பிடித்துக்கொண்டது. தேங்காய் எண்ணெய் தேய்த்தால்தான் வரும்.

அடுகோடி ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபிட்டர். ஆதிகேசவன் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆண்டுவிழாவில் வருஷா வருஷம் தமிழ் நாடகம் போடுவோம். ராமன், கர்ணன் எல்லாம் அலுத்துப்போய் இந்த வருஷம் கிரேக்கக் கதை எடுத்தோம். பெல்லரோபன் என்று ஒரு மகாவீரன். பறக்கும் குதிரையில் ஏறிப்போய் அரக்க மிருகத்தைக் கொன்றான். அதோடு வீட்டுக்குப் போனானா? தேவலோகத்துக்கே கிளம்பிவிட்டான். தேவராஜன் சீயஸ் ஒரு மாட்டு ஈயை ஏவினார். அது கடித்ததில் குதிரை துள்ளியது, ஆள் தலைகுப்புற விழுந்தான். உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகுமா? அவ்வளவுதான் கதை.

வீரன் வேஷம் நரேஷுக்கு. பன்னிரண்டு வருஷமாகக் கதாநாயகன் நான்தான். தொப்பை விழுந்துவிட்டதென்று இந்தத் தடவை என்னைச் சீயஸ் ஆக்கி உயரப் பரண்மேல் உட்கார வைத்துவிட்டார்கள். நல்ல பையன் நரேஷ். ஆனால் ஒத்திகையில் ஆரம்பித்தான்.

"அண்ணா, நான் விழறதப் பாக்கவா ஜனங்க வர்றாங்க? மேல வந்து உங்க பக்கத்துல குந்திக்கிறேன். விசில் பறக்கும் பாருங்க."

"கதை அப்படி இல்லடா. அவன் மனுஷன்" என்றேன்.

டைரக்டர் ஆம்ப்ரோஸ் வழக்கம்போலக் கன்னடம் கலந்து குறுக்கே வந்தார். "சும்னே தகராறு பண்ணாத ஆதி. ஹீரோ ஜெயிக்கட்டுமே."

என் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு ஜிகினாவும் ஒட்டிவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது, கதைக்காக.

நேற்று விழா மேடையில் அவனைக் கம்பியில் கட்டித் தூக்கினார்கள். பரண் விளிம்பில் கால் வைத்தான். இடுப்புக் கொக்கியை நான் கழற்றினேன். அதுவரை எல்லாம் ஒத்திகைப்படிதான். உட்காரத் திரும்பியவன் நெஞ்சில் ஒரு விரல் வைத்துத் தள்ளினேன். மாட்டு ஈ கடித்த மாதிரி, அவ்வளவு லேசாக.

கீழே சிமெண்ட் தரை. தந்திரக் காட்சி என்று நினைத்து ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டார்கள். முன்வரிசையில் அவன் மனைவி வீணா கைதட்டிக்கொண்டிருந்தாள், பாவம். "மானிடா, உன் இடம் கீழே" என்று முதலில் எழுதியிருந்த கடைசி வசனத்தைப் பிசகாமல் சொல்லி முடித்தேன். அதற்குள் அவன் மூச்சு நின்றுவிட்டதாம்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பொறாமையில் செய்தேன் என்கிறாரே ஆம்ப்ரோஸ், அதை மட்டும் அடித்துவிடுங்கள். கடவுளுக்கு மனுஷன்மேல் பொறாமை வருமா சார்?