லினெட் அக்கா விட்டுக்கொடுத்த கடைகள்

மேடையில் இருக்கும் மறுசீரமைப்புக் குழுவின் பெரியவர்களே, கீழே அமர்ந்திருக்கும் எங்கள் கடைக்காரர்களே, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்த அனைவருக்கும் வணக்கம்.

மண்டபத்துக்குள் வந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது லினெட் அக்காவின் படம் இல்லை. படத்துக்குக் கீழே வைத்திருக்கும், புதிய சதுக்கத்தை அட்டையில் செய்த மாதிரி வடிவம்தான். அதில் எங்கள் கடைகள் இல்லை. கடைகள் இருந்த இடத்தில் ஒரு நீரூற்று இருக்கிறது. ஒட்டிய கடைகள் விழுந்திருக்கும், யாராவது எடுத்து வைப்பார்கள் என்று நினைத்தேன்.

நான் காமினி, அப்பக் கடை நவமணியின் மகள். படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டுவிட்டு அம்மாவோடு கடையில் நிற்கிறேன். கடைக்காரர்கள் சார்பில் பேசச் சொன்னார்கள். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

கட்டடக் கலைஞர் லினெட் பாக்கியசாமியை உங்களுக்கு அலுவலகத்தில் தெரியும். எங்களுக்கு வெயிலில் தெரியும். ஜப்பான்காரன் குண்டு போட்டு ஒரு வரிசைக் கடைவீடுகள் தரைமட்டமான மனை அது. சண்டை முடிந்து சுற்றிலும் கட்டினார்கள், அதை மட்டும் விட்டுவிட்டார்கள். அங்கேதான் எங்கள் தள்ளுவண்டிகள் நின்றன. அந்த இடத்தைச் சதுக்கமாக்க வந்த அக்கா, ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூளை வாங்கி, வரைபடத்தை முழு அளவில் தரையிலேயே போட்டார்.

"ஏன்க்கா இந்தக் கஷ்டம், பேப்பர்ல காட்டுங்களேன்" என்றார் அம்மா.

"மேலேருந்து பார்த்துத்தான் குண்டு போட்டான், நவமணி. கீழே ஆள் இருந்தது அவனுக்குத் தெரியல. நானும் மேலேருந்து பார்த்தே வரையணுமா?"

ஒவ்வொரு கடைக்காரரையும் கோட்டுக்குள் நின்று வேலை செய்து பார்க்கச் சொன்னார். வடையும் காயும் நறுக்கிக் குழம்பு ஊற்றித் தரும் பசம்பூர் விற்கும் முகம்மது சுல்தான் பாய் நின்று பார்த்தார்.

"மேடம், பத்தாது. என் மகன் ஷஃபீக் இதுக்குள்ள திரும்பவே மாட்டான்."

"அப்ப அவனுக்குச் சோத்தைக் குறைங்க பாய்."

"அவன் குறைய மாட்டான் லா, நீங்க கோட்டை நகர்த்துங்க."

சிரித்துக்கொண்டே அழித்துவிட்டு மறுபடி போட்டார். யார் எங்களை அப்படிக் கேட்டிருக்கிறார்கள்? அதனால்தான் ஜூன் மாதம், "வேலை முடியிற வரைக்கும் பின் சந்துக்குப் போங்க, திரும்பி வந்துடலாம்" என்று அவர் சொன்னதும் முதலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது என் அம்மா. மற்றவர்கள் அம்மாவைப் பார்த்துப் போனார்கள்.

சற்று முன் தலைவர் திரு மோகனராஜ் அக்காவைப் புகழ்ந்து பேசினார். திட்டம் கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக, மே மாதமே வரைபடத்தில் இருந்த கடைகளைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார் என்றார். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள்.

மே மாதம். ஜூனில் எங்களைப் போகச் சொன்னபோது அவருக்குத் தெரியும். ஜூலையில் மருத்துவமனையில் நான் கேட்டபோதும் தெரியும்.

"கடை இருக்குல்லக்கா?"

"இருக்கு லா. நீ போய் அம்மாவுக்கு உதவி பண்ணு."

என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். நோயில் கிடந்த அவரை நீங்கள் வற்புறுத்தினீர்களா, ஐயா? அல்லது சதுக்கமே போய்விடும் என்று அவரே பயந்தாரா? எனக்குத் தெரியாது. ஆனால் விட்டுக்கொடுத்தது அவருடைய கடையா? அதைப் பெருந்தன்மை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அவர் நல்லவர். அவர் இல்லாவிட்டால் அந்த மனையில் ஒரு ஹோட்டல் வந்திருக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவருக்காக நேற்று முழுக்க அழுதேன். இன்று அழ முடியவில்லை. அவர் எங்களிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நாங்கள் வண்டிகளை நகர்த்தியிருக்க மாட்டோம். அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

அவருடைய பணியைத் தொடர்வோம் என்று இங்கே ஒவ்வொருவரும் சொன்னீர்கள். நானும் தொடர்கிறேன். இந்தத் திட்டத்துக்கு ஆட்சேபம் சொல்ல மாநகர் மன்றத்தில் நாளை காலை கூட்டம் இருக்கிறது. அங்கே போய், லினெட் அக்கா கடைசியாக ஒப்புக்கொண்ட வரைபடம் வேண்டாம், எங்களை நிற்கவைத்துப் போட்ட வரைபடம்தான் வேண்டும் என்று சொல்வேன். என்னோடு வருகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்.

நான் கீழே இறங்கி அம்மா பக்கத்தில் நிற்கிறேன்.