கருவாட்டுப் பரணில் காய்ந்த பளிங்கு

— எண்ணெய் நல்லாச் சூடேறிட்டுது, டீச்சர். விறகை இழுக்கட்டோ?

— பொறுங்கோ, மரியநேசன். எண்ணெய்க்குள்ள நிக்கிற ரெண்டு கண்ணாடிக் குழாயையும் பாருங்கோ. இடப்பக்கம் உள்ளது பெட்டிக்குள்ள இருட்டில இருந்தது. வலப்பக்கம் உள்ளது உங்கட கருவாட்டுப் பரணில கண்ணாடித் தட்டில வெயில் காய்ஞ்சது.

— ரெண்டும் ஒரே வெள்ளைத் தூள்தானே?

— ஓம், ஒரே பழைய கறுவாப்பட்டை எண்ணெய்ப் போத்தலின்ர அடியில படிஞ்ச பளிங்கு. வெயில் வேலை செய்திருந்தா, வலப்பக்கம் உருகாது.

— செய்யாட்டி?

— பேராதனைக் கம்பஸில எங்கட சேர் சொன்னதுதான் சரியெண்டு ஆகும். முல்லைத்தீவில கரண்டும் இல்லை, ஒளி பாய்ச்சிற லாம்பும் இல்லை, ஆராய்ச்சியை விடு எண்டவர். சூரியன் இருக்குத்தானே எண்டன். அப்ப செய்து காட்டிப்போட்டு வா எண்டார்.

— அங்க! இடப்பக்கம் தண்ணியாப் போச்சு!

— மற்றது?

— அப்பிடியே கிடக்கு.

— நல்லாப் பாருங்கோ. எனக்குக் கண் கலங்குது, தெரியேல்லை.

— மாதாவாணை, ஒரு மணிகூட இளகேல்லை.

— ஒட்டிட்டுது, மரியநேசன்! ரெண்டு ரெண்டா ஒட்டிட்டுது!

— என்ன சொல்லுறியள்? எனக்கும் விளங்கச் சொல்லுங்கோவன்.

— கரைச்சு வைச்சா மூலக்கூறுகள் கண்டபடி ஓடித்திரியும். வெயில் பட்டாலும் ஒண்டோட ஒண்டு சேராது. பளிங்குக்குள்ள அசைய இடமில்லை. தலைமாடு கால்மாடா, கிட்டக் கிட்டப் படுத்திருக்கும். வெயில் பட்டா, படுத்தபடியே ஒட்டும். அதால ஒரே ஒரு வடிவம்தான் வரும். மருந்து செய்யிறவைக்கு வடிவம் பிசகாமல் கிடைக்கிறது லேசில்லை.

— அதுக்கோ நான் உவ்வளவு காகம் கலைச்சனான்? மீனைவிட உந்தக் கண்ணாடித் தட்டுக்குத்தான் கூடக் காவல் இருந்தனான், கண்டியளோ.

— தட்டெல்லாம் சூடை மீன் மணம். சேர் மணந்து பாத்தா என்ன சொல்லுவாரோ!

— சிரிக்கிறியள். அப்ப இனிப் பேராதனைக்குப் போறதுதான்.

— எப்பிடிப் போறது? இங்கயிருந்து வெளிய போற பாஸுக்கு இயக்கக்காரர் ஆள்பிணை கேக்கினம். நான் திரும்பி வராட்டி, பிணை நிண்டவர்தான் மாட்டுப்படுவார். எங்கட ஐயாவும் உயிரோட இல்லை. அம்மாவைப் பிணை வைச்சுப்போட்டுப் போக மனம் வரேல்லை. வேற ஆரிட்டைக் கேக்கிறது?

— ஒருத்தரிட்டையும் கேக்க வேண்டாம். இண்டைக்கு விடியவே பாஸ் குடுக்கிற கந்தோருக்குப் போய், பிணைக்கு என்ர பேரைக் குடுத்திட்டன்.

— விடியவோ? இது சரிவருமோ எண்டு தெரிய முந்தியோ?

— பின்னேரத்தில தட்டைத் திருப்ப வருவியளெல்லோ, அப்ப உங்கட முகத்தைப் பாப்பன். சரிவரும் எண்டு பட்டுது.

— பொறுங்கோ, பொறுங்கோ. பிணைக்குச் சொந்தக்காரர்தானே நிக்கலாம்? என்ன முறை எண்டு சொன்னனீங்கள்?

— உங்களைக் கட்டப்போறவன் எண்டு. கோவிக்காதேங்கோ, டீச்சர். பிழையெண்டா இப்பவே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மாத்திப்போட்டு வாறன்.

— மாத்த வேண்டாம். அம்மாவுக்கு மட்டும் நான் முதல்ல சொல்லுறன்.