பப்பட சங்கத்தின் ஐந்தாண்டுத் திட்டம்

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் போட்டில், விதவைகளுக்குப் பப்படம் இடும் வேலை கொடுக்கிற ஒரு தர்ம சங்கத்தின் தலைவரும் செயலாளரும் எனக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அஞ்சு வருஷத்துல விதவைகள் இரட்டியாகணும்னு திட்டத்துல எழுதியிருக்கேன் ஸார்," என்றார் செயலாளர்.

"பின்னே? வளர்ச்சி காட்டலேன்னா எவன் சகாயம் தருவான்? இருக்கற பதினாறு பேரும் குறையாமப் பாத்துக்கும் ஓய்," என்றார் தலைவர்.

"அதுல நம்ம கமலத்தைக் கல்யாணம் பண்ணிக்கறேன்னு அரிசிக்கடை மானேஜர் வந்து நிக்கறார் ஸார்."

"ஐயோ! பப்படம் பரத்தறதுல அவளாக்கும் கெட்டிக்காரி!"

"பயப்படாதேங்கோ. திட்டம் முடியட்டும், அஞ்சு வருஷம் கழிச்சுக் கல்யாணத்தை வச்சுக்கலாம்னு ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியாச்சு."



"அப்போ ஆறாவது வருஷத்துல ஒரு கல்யாணப் பப்பட ஆர்டர் உண்டுன்னும் எழுதிக்கும்," என்றார் தலைவர்.