ஆழம் பார்க்காத கைக்கு ஒரு ஜாடி

மாக் மண்டின் தொழிற்பேட்டை மரக்கடைசல் பட்டறையின் மாண்புமிகு மேற்பார்வையாளரே! குடைவதில் கொடி நாட்டியவரே! குற்றம் காண்பதில் குன்றாத குன்றே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் சண்முகநாதன் அண்ணே, வணக்கம்!

நார் நெடுக்காக ஓடும் கட்டையை வாய்வழியே ஆழமாகக் குடையும் வேலையைத் தாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. உளியைச் சாய்த்துப் பிடிக்கும் தாங்கியை விட்டு அது ஒரு சாணுக்கு மேல் உள்ளே போய்விட்டால், பிடி சற்றே தளர்ந்தாலும் மரம் உளியைக் கவ்விக் கையை முறுக்கிவிடும். அந்த ஆபத்திலிருந்து எங்கள் சக ஊழியர் சாந்தினியைக் காத்த கருணைக்கடலே! "பொம்பள கை நிக்காது லா, நீ வெளிப்பக்கம் தேயி" என்று தாங்கள் அருளியதை அவர் இன்னும் மறக்கவில்லை.

ஆயர் ஈத்தாமில் உள்ள உணவகம் ஒன்று அவசரமாகப் பூ ஜாடிகள் கேட்டபோதுதான் அவருக்கும் ஒரு கடைசல் இயந்திரம் வாய்த்தது. முதலில் நடுவில் வேண்டிய ஆழத்துக்குத் துளையிட்டு, உளியை எங்கே நிறுத்த வேண்டும் என்று அடையாளம் வைத்துக்கொண்டார். பிறகு நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பொறுமையாகச் சீவினார். கை நின்றது. தங்களுக்கோ துளை தேவைப்படவில்லை. சத்தத்திலேயே ஆழம் தெரியும் என்றீர்கள். "அண்ணே, நிறுத்திட்டு ஒரு தடவ அளந்து பாருங்கண்ணே" என்றார் பக்கத்தில் நின்ற சாந்தினி. "எனக்கே பாடமா? போ லா!" என்றீர்கள்.

ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள் உலகில் பலர்; உளியை விட்டவர் தாங்கள் ஒருவரே! தங்கள் ஜாடியின் அடி பொத்துக்கொண்டது. வட்டத் துண்டு ஒன்றைப் பசையிட்டு அடைத்து, கறுப்புச் சாயம் பூசி, மற்றவற்றோடு அனுப்பிவைத்தீர்கள். தண்ணீர் ஒழுகி ஜாடி திரும்பி வந்ததும், முதலாளியிடம் "சாந்தினி செஞ்சது" என்றீர்கள். அன்றே அவருடைய இயந்திரம் பறிபோனது. தேய்க்கும் பிரிவுக்குப் போனவர் இன்றும் அங்கேதான் தூசி தின்கிறார். பாராட்டு மடலில் எழுதக்கூடாதுதான், ஆனாலும் வயிறு எரிகிறது அண்ணே.

ஓய்வு பெறுவோருக்கு நம் பட்டறையில் கடைந்த ஜாடி ஒன்றைப் பரிசளிப்பது வழக்கம். தங்களுக்குத் தகுந்தது ஒழுகித் திரும்பி வந்த அந்த ஜாடி ஒன்றுதான். அடைப்பையும் சாயத்தையும் நாங்கள் தொடவில்லை. முன்வரிசையில் வீற்றிருக்கும் முதலாளி விரும்பினால் கவிழ்த்துப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு, பறித்த இயந்திரத்தைச் சாந்தினிக்குத் திருப்பிக் கொடுக்கட்டும். தாங்கள் ஜாடியை வீட்டுக் கூடத்தில் வையுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள்.

நோய் நொடி அண்டாமல், நினைவு சிறிதும் மங்காமல், நெடுங்காலம் வாழ்க!

இம்மடலை வாசிப்பவர் சாந்தினியே. குரல் நடுங்கினால் பொறுத்தருள்க. தாளைப் பிடித்திருக்கும் கை நிற்கிறது, பாருங்கள்.

இங்ஙனம்,
பட்டறை ஊழியர்கள்