பதினெட்டு வருஷச் சுண்ணாம்பு

— இன்னும் கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க பாய். மாடு மெரளுது.

— மாடு கூடவா? ஆலங்காயத்துல பஸ்ஸ உட்டு எறங்கி, காலைலேர்ந்து மலையேறி வர்றேன் தீர்த்தகிரி. வழியில ஓடையில ரெண்டு தபா குளிச்சேன், சீயக்கா போட்டு.

— நாங்க கண்டுக்க மாட்டோம். அது வாயில்லாத சீவன். தோல் வாட வந்தா அதுக்கு வேற நெனப்பு வரும்.

— தௌபா. பதினெட்டு வருஷம் வாணியம்பாடி தோல் ஷாப்புல சுண்ணாம்புக் குழியில நின்னவன் வேற எப்டி நாறுவான்? போன வாரம் நான் பெசைஞ்சு குடுத்த சோத்த எம் பொண்ணு ஜாஹிதா வாங்காம ஓடுனா. அவ அம்மா ஜோஹரா அவள திட்டுனா. நான் திட்டல. எனக்கே எங் கையால துன்ன முடியல. ஸ்பூனு வாங்கி வெச்சிருக்கேன்.

— அப்டி இன்னா பாய் பண்ணுவீங்க அங்க? நான் எத்தினி வருஷமா தோலு பதம் போட ஆவாரம்பட்டை தூக்கியாந்து வாசல்லயே போட்டுட்டு திரும்பிடறேன். உள்ள பாத்ததில்ல.

— பாக்காத. மயிரோட வர்ற தோல சுண்ணாம்புல ஊறப் போடுவோம். எட்டாம் நாளு பொணமாட்டம் ஊதியிருக்கும். முட்டி வரைக்கும் எறங்கி நின்னு இழுக்கணும். மயிரு தனியா கையோட வரும். சவ்வு கால் மேல வுழும். அங்கியே ஒக்காந்துதான் சோறு. ஈக்கு தோலும் ஒண்ணுதான், நாமளும் ஒண்ணுதான்.

— ஆட்டுத் தோலா, மாட்டுத் தோலா?

— ரெண்டும். ஏன் கேக்கற?

— சும்மாதான். காலு வெந்துடுமா?

— மொத வாரம் கொப்பளிக்கும். அப்புறம் வெரலிடுக்குல வெடிக்கும். தேங்காண்ணெ தடவுவானுங்க, வேலைக்கு ஆவாது. வேப்பெண்ணெதான்.

— வேப்பெண்ணெ. ஆவட்டும்.

— அத வுடு. வந்த விஷயத்த சொல்றேன். உன் ஏழு புளியமரத்த எனக்கு வாரத்துக்கு வுடு, பாதிக்குப் பாதி. நானே உலுக்கறேன், நானே காய வெச்சு வாணியம்பாடில விக்கிறேன். மாசில புளி உலுக்கற வரைக்கும் ஜோஹரா பீடி சுத்தி ஓட்டிடுவா. நீ இல்லன்னுட்டா எனக்கு வேற போக்கிடம் கெடயாது. திரும்பி அந்தக் குழிக்குப் போறதுக்கு பாலாத்துல வுழுந்துடுவேன்.

— பாலாத்துல தண்ணி இல்லியே பாய்.

— வந்தப்புறம் வுழறேன்.

— புளி கொட்டை எடுத்துப் பழக்கமா உங்களுக்கு? கையெல்லாம் கருத்துடும்.

— கருக்கட்டும். நாறாதில்ல?

— நாறாது. எடுத்துக்குங்க. வெளியாளுக்கு வுட்றதுன்னா ஊர கேக்கணும். நேத்தே கேட்டுட்டேன். ரங்கசாமி பெரியவரு கொஞ்சம் மொனகுனாரு, அப்புறம் சரின்னுட்டாரு.

— நெசமாவா? நான் கேக்கறதுக்கு முன்னியேவா?

— முந்தாநேத்து ரோட்ல பாத்தப்ப சொன்னீங்களே, மரம் கெடச்சா தேவலன்னு.

— நீ ஏன்யா பாதிய வுட்டுக் குடுக்கற? உனக்கே பத்தாதே.

— மரத்த பாக்க ஆளு வேணும் பாய். ஷாப்புல என் பட்டை இனிமே வேணாம்னுட்டாங்க. கப்பல்ல சீமைப் பட்டை வருதாம், சீக்கிரம் பதமாவுதாம். சாமையும் ரெண்டு வருஷமா பதரு. எம் பொண்டாட்டி அம்சவல்லி முழுகாம இருக்கா. மாசி வரைக்கும் வயிறு காத்துக்கினு இருக்குமா?

— அப்ப நீ இன்னா செய்யப் போற?

— ஆவட்டும். வேலைக்கு வரலன்னு நீங்க சொல்லியனுப்புன சேதிய அன்னிக்கே ஷாப்பு மேஸ்திரிகிட்ட சொன்னேனே, அவரு இன்னா சொன்னாருன்னு நீங்க கேக்கவே இல்ல.

— இன்னா சொல்லியிருப்பான்? வஞ்சிருப்பான். எங்க ஷாப்புல ஒரு பழக்கம். குழிய உட்டுப் போறவன் மாத்தாளு அனுப்பிட்டுதான் போவணும், இல்லன்னா ஊறப் போட்ட தோலு கெட்டுடும். இன்னொருத்தன அந்த நரகத்துக்கு அனுப்ப எனக்கு மனசு வரல. அந்த ஒரு விஷயத்துலதான் நான் சுத்தம்.

— அனுப்பிட்டீங்க பாய்.

— யாரை?

— என்னை. ஜப்பார் பாய் வரமாட்டாருன்னு சொன்னேன். ஷாப்ப உட்டவன் சேதிய மாத்தாளுதான் கொண்டாருவானாமே. மேஸ்திரி என் தோளத் தட்டிப் பாத்துட்டு, நாலாம் நாளு வந்து எறங்குன்னுட்டாரு. நானும் இல்லன்னு சொல்லல.

— தௌபா. அது தெரிஞ்சிருந்தா உங்கிட்ட சொல்லி அனுப்பியிருப்பனா? நானே போயிருக்கணும். அந்த வாசல மிதிக்க அருவருத்துக்கினு... ஊருக்கு சொல்ட்டியா?

— சொல்ட்டேன். தோலத் தொட்டவன் கோயிலுக்குள்ள வரக்கூடாதுன்னு எங்க ஊர்க்கட்டு. வெளிய நின்னு கும்புட்டுக்கறேன்னேன்.

— வேணாம் தீர்த்தகிரி. மரமும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

— அப்ப நீங்க திரும்பிப் போய் எறங்குறீங்களா? எறங்குறேன்னு சொல்லுங்க, நான் நின்னுடறேன்.

— முடியாது.

— அப்ப எழுந்திரிங்க. வெளிச்சம் இருக்கறப்பவே மரத்த பாத்துடலாம். காலைல நான் கெளம்பிடுவேன்.