டப்பியில் மிச்சம் நாற்பத்தொன்பது

பஸ் டிக்கெட்டைக் கசக்கி எறிகிற பழக்கம் எனக்கு இல்லை. வீடிருக்கும் சாங்வியில் ஏறி ஆஸ்பத்திரி இருக்கும் கேம்ப்பில் இறங்குவதற்குள் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். பதினைந்து வருடமாக இப்படித்தான். எதையும் எறிய எனக்கு மனம் வராது. டாக்டர் சுப்ரஜா, நீங்கள் என்னைக் கண்டுபிடித்ததும் அதனால்தான்.

ஆகஸ்டில் கோயம்புத்தூரிலிருந்து வந்து லேபின் பொறுப்பை ஏற்றீர்கள். முதல் வாரமே ஃப்ரிட்ஜைக் காலி செய்து துடைக்கச் சொன்னீர்கள். என்னிடம் நேராகவே கேட்டீர்கள்.

"சார், மூணு வருஷத்து டிஸ்க் டப்பியும் சீல் உடைக்காம இருக்குதுங்க. இந்த வருஷத்து டப்பில நாப்பத்தொம்பது இருக்குது. அந்த ஒண்ணு யாருக்குங்க வெச்சீங்க?"

பதிலை எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதிக் கொடுங்கள் என்று இரண்டு நாள் அவகாசம் தந்தீர்கள். அதற்கு நன்றி. மராத்தியில் எழுதினால் எனக்கு ஒற்றுப்பிழை மாதிரி ஏதாவது வந்துகொண்டே இருக்கும். தப்பும் தவறுமாக எதையும் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

விசாரணைக் குழுவில் இந்த வேலை தெரியாதவர்களும் இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஐ.சி.யூ.வில் நெடுநாள் கிடப்பவர்களுக்குச் சில சமயம் ரத்தத்தில் பூஞ்சை ஏறிவிடும். அந்தப் பூஞ்சையை ஒரு தட்டில் பரப்பி, ஃப்ளூகோனசோல் மருந்து ஊறிய பொட்டளவு காகித டிஸ்க் ஒன்றை நடுவில் வைப்போம். மருந்து கேட்கிற பூஞ்சையாக இருந்தால் மறுநாள் டிஸ்க்கைச் சுற்றி ஒன்றும் வளராத வட்டம் விழும். வட்டம் பத்தொன்பது மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அந்த மருந்தையே கொடுக்கலாம். பதினான்கோ அதற்குக் கீழோ என்றால் கொடுத்துப் பயனில்லை, வேறு மருந்துக்குப் போக வேண்டும். ஒரு ஸ்கேல் இருந்தால் போதும்.

2004-ல் இந்தச் சோதனையை நம் லேபில் தொடங்கியவனே நான்தான். வருடத்துக்கு ஒரு டப்பி வரும், முதல் டப்பியில் ஐம்பது டிஸ்க். ஐம்பதையும் முறைப்படி வைத்தேன், முறைப்படி அளந்தேன். ஐம்பதுக்கும் மருந்து கேட்டது. ஒரே கேள்வியை ஐம்பது பேரிடம் கேட்டு ஒரே பதில் வந்தால், ஐம்பத்தொன்றாவது ஆளை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?

அடுத்த வருடம் ஜூலை மழையில் இரண்டு நாள் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் ஐ.சி.யூ.வுக்கே போதவில்லை. என் இன்குபேட்டர் ஆறிக் கிடந்தது, டிஸ்க் வைத்தாலும் தட்டில் எதுவும் வளராது. நாலு மணிக்குள் ரிப்போர்ட் வேண்டும் என்று ஐ.சி.யூ. டாக்டர் ஆள்மேல் ஆள் அனுப்பினார். பையிலிருந்த டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசி இரண்டு எண் இருபத்து நான்கு. அதையே வட்டத்தின் அளவாக எழுதி அனுப்பினேன். அந்த நோயாளி பிழைத்து, பேடா வாங்கிக்கொண்டு லேபுக்கே வந்தார்.

அதற்குப் பிறகு நாலு மணி என்றால் நாலு மணிதான். மற்ற இடங்களில் இரண்டு நாள், மூன்று நாள் என்று இழுப்பார்கள். கந்தசாமி ரிப்போர்ட் கடிகாரம் மாதிரி வரும் என்று ஐ.சி.யூ. டாக்டர் நாலு பேர் முன்னால் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். இருபதிலிருந்து இருபத்தொன்பதுக்குள் முடிகிற டிக்கெட்டுகளை மேஜை டிராயரில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேன். அன்றைய டிக்கெட் அந்த வரம்புக்குள் விழாவிட்டால் அதிலிருந்து ஒன்றை உருவுவேன். மனம்போன போக்கில் எழுதினால் மனிதன் இருபத்தைந்தையே திரும்பத் திரும்ப எழுதுவான். நான் அப்படி அலட்சியமாக வேலை செய்யவில்லை. யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை.

எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டீர்கள். நூற்றெண்பத்தாறு ரிப்போர்ட் கொடுத்திருக்கிறேன். ஐ.சி.யூ.வில் கிடப்பவர் எதனால் இறக்கிறார் என்று யாரால் அறுதியிட்டுச் சொல்ல முடியும்? ரிப்போர்ட்டில் இருபத்தாறு மில்லிமீட்டர் என்று இருக்கிறதே, ஜுரம் ஏன் இறங்கவில்லை என்று ஐ.சி.யூ. டாக்டரும் இரண்டொரு தடவை கேட்டார். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை சார் என்றேன். அவர் தலையாட்டினார்.

இனி அந்த ஒரு டிஸ்க்குக்கு வருகிறேன்.

இந்த வருடம் பிப்ரவரியில் என் மனைவி லலிதாவுக்குக் குடலில் ஆபரேஷன். பத்தாம் நாள் ஜுரம் கொதித்தது. அவள் ரத்தத்தில் பூஞ்சை வளர்ந்து என் மேஜைக்கே வந்தது. அன்று எனக்கு வேலை குறைவு. அதனால் புது டப்பியின் சீலை உடைத்து ஒரு டிஸ்க்கை எடுத்து வைத்தேன். மறுநாள் தட்டைத் திறந்தால் வட்டமே இல்லை. டிஸ்க்கின் விளிம்புவரை பூஞ்சை மொழுமொழுவென்று ஏறியிருந்தது. மாடிப்படியில் ஓடி டாக்டரைப் பிடித்தேன். அன்றே மருந்தை மாற்றினார்கள்.

மாற்றிக் கொடுத்த அந்த ஆம்ஃபோடெரிசின் மருந்து ஏறும்போது உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடும். லலிதாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றவள் ஐ.சி.யூ. நர்ஸ் மேரி. இங்கே போபோடியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ட்யூட்டி முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் இருப்பாள். லலிதா பிழைத்தாள். மேரி இல்லாவிட்டால் நான் இல்லை என்று இன்றைக்கும் சொல்வாள்.

ஏப்ரலில் மேரியின் கணவர் இருதயராஜுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. கட்கியில் ஃபேக்டரி வேலை, நல்ல மனிதர். லலிதா கிடந்த கட்டிலுக்கு எதிர்க் கட்டில். அவர் ரத்தத்திலும் பூஞ்சை வந்தது. மறுநாள் மூன்றரை மணிக்கு மேரி லேப் ஜன்னலுக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, ஏக்தம் பக்காவா சொல்லுங்க. லலிதாக்காவுக்கு ஏத்துனாங்கள்ல, அந்த மருந்தயே இவருக்கும் போடச் சொல்லி டாக்டர்கிட்ட பேசட்டா?"

"வேணாம் மேரி. அது கிட்னியத் தின்னுடும். இவருக்கு இருவத்திரெண்டு வந்திருக்கு. இந்த மருந்தே கேக்கும்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். ரிப்போர்ட் சரியாக நாலு மணிக்கு மாடி ஐ.சி.யூ.வுக்குப் போயிற்று.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு ரிப்போர்ட்டில் மருந்து கேட்காது என்று வந்தால் அதிசயம் என்று விட்டுவிடுவார்கள். இரண்டாவதும் அப்படி வந்தால் பழைய நூற்றெண்பதையும் தோண்டுவார்கள். செத்தவர்களின் வீட்டாரையெல்லாம் திரும்பக் கூப்பிட்டு அழவைப்பார்கள். அது தேவையா என்று யோசித்தேன். டப்பி எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தது. முந்தின நாள் ஒரு டிஸ்க் வைத்திருந்தால் போதும். அன்றும் எனக்கு வேலை குறைவுதான்.

இருதயராஜ் பன்னிரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தார். கல்லறைக்கு நானும் லலிதாவும் போயிருந்தோம். மேரி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க டைமுக்கு ரிப்போர்ட் குடுத்தீங்கண்ணா" என்றாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. இந்தத் தாள்களை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். மேரியிடம் மட்டும் வேண்டாம். அவள் தாங்க மாட்டாள்.

ஒரு விஷயம் பாக்கி. எழுதாவிட்டால் இது முழுமையாகாது. இருதயராஜின் ரிப்போர்ட்டை எழுத உட்கார்ந்தபோது, வழக்கம்போல் முதலில் அன்றைய டிக்கெட்டைத்தான் எடுத்தேன். கடைசி இரண்டு எண் பதினொன்று. மருந்து கேட்காது என்று பொருள். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தேன். பிறகு மடித்துப் பையில் வைத்துவிட்டு, டிராயரைத் திறந்து இருபத்திரண்டை உருவினேன். பதினொன்றில் முடிகிற அந்த டிக்கெட்டை இத்துடன் பின் செய்திருக்கிறேன்.

எந்த நோயாளிக்கும் என் கையால் ஒரு கெட்ட எண் போய்விடக்கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாகவே இருந்திருக்கிறேன்.